ஏழாவது போர்ட்டில் கை வைக்காதே

அத்தியாயம் 9

வாயாடிக்கு அன்று வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. அவனைத் தெரிந்த யாரிடம் இதைச் சொன்னாலும், ஆளுக்கு உடம்புக்கு என்ன என்றுதான் கேட்பார்கள்.

ஒன்பது நாள். ஒன்பது நாளாக அவன் ஒரு கோச்சிங் சென்டரில் மாணவன் வேஷம் போட்டு, கம்ப்யூட்டர் நெட்வொர்க் சான்றிதழ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஆயிரத்து இருநூறு பக்கப் புத்தகம். பையில் போட்டு மாட்டினால் தோள் இறங்கியது, திறந்தால் கண் சொருகியது. படித்தது மண்டையில் ஏறவில்லை. துப்பறியப் போன காரியமும் ஓர் அங்குலம் நகரவில்லை. இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

லாண்டரிக் கடையின் மாடியில் இருந்த துப்பறியும் ஆபீஸுக்குள் நுழைந்து, புத்தகத்தை மேடத்தின் மேஜைமேல் தொப்பென்று போட்டான். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது.

“மேடம், நான் ராஜினாமா பண்றேன்.”

“தாராளமா பண்ணு. அதுக்கு முன்னாடி அந்த பிரிண்டரை நெட்ல மாட்டிடு. ஒரு லெட்டர் எடுக்கணும்.”

மேடம் தலையை நிமிர்த்தவில்லை. பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் நடக்காத விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த அம்மாள் அவர். அழுகிறவர்களைப் பார்த்தாலும், ராஜினாமா செய்கிறவர்களைப் பார்த்தாலும் ஒரே முகம்தான்.

சுவரில் நெட்வொர்க் பெட்டி இருந்தது. ஸ்விட்ச் என்பார்கள். வரிசையாக எட்டுத் துளைகள், அதாவது போர்ட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள் சொருகலாம். முதல் ஆறிலும் ஏற்கெனவே கேபிள் இருந்தது. வாயாடி முணுமுணுத்துக்கொண்டே பிரிண்டர் கேபிளைக் கடைசித் துளையில் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது. திரும்பினால், மேடம் கண்ணாடிக்கு மேலாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மேடம், தப்பா மாட்டிட்டேனா?”

“இல்லையே. பிரிண்ட் வருது பார்.” மறுபடியும் குனிந்துகொண்டார். “அந்தக் கோச்சிங் சென்டர்ல என்ன கத்துக்கிட்ட, சொல்லு.”

கேட்டதுதான் தாமதம். வாயாடி கொட்டித் தீர்த்துவிட்டான்.

“டயர் கடைக்கு மேல ரெண்டாவது மாடி. ஃபேன் ஓடினா சத்தம், ஓடலைன்னா வேர்வை. சொல்லித்தர்ற சாருக்கு எல்லாம் அத்துபடி, ஒண்ணைத் தவிர. பாடம் புரியலைன்னா என்ன பண்றதுன்னு அவருக்குத் தெரியாது. மூலையில பழைய மெஷின்களை அடுக்கி ஒரு ரேக் வச்சிருக்கார். அதுலதான் எல்லாரும் பழகணும். அதுல ஏழாவது போர்ட் செத்துப் போய் ஆறு வருஷம் ஆச்சாம். அதுல கேபிளைச் சொருகினா மொத்த ரேக்கும் ஒரு தடவை செத்துப் பிழைக்கும். சேமிக்காத வேலையெல்லாம் காலி. முதல் நாள் நான் போய் ஏழுல சொருகிட்டேன். பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரமா பண்ணின வேலை போச்சு. அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே, பெத்த அம்மாவே பார்த்திருந்தாலும் சோறு போட மாட்டா.”

“அதை ஏன் ரிப்பேர் பண்ணல?”

“பண்ணலாம் பண்ணலாம்னு ஆறு வருஷமா சொல்றாராம். புத்தகத்துல எங்க ஏழுன்னு வந்தாலும் எட்டுன்னு படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டார். பயிற்சிப் புத்தகத்துல ஏழையெல்லாம் அடிச்சு எட்டுன்னு கையால எழுதியிருக்கு. யார் கையாவது ஏழு பக்கம் போனா மொத்த வகுப்பும் சேர்ந்து ‘ஏழு, ஏழு’ன்னு கத்தும். அதுதான் மேடம், நான் ஒன்பது நாள்ல கத்துக்கிட்டது. மத்தபடி அங்க படிக்கிற யாரும் அன்னிக்குப் பரீட்சை எழுதவே போகலை. விசாரிச்சுட்டேன். அங்க படிச்ச நம்ம அக்கா மட்டும்தான் போயிருக்காங்க. முட்டுச்சந்து.”

அக்கா என்று அவன் சொன்னது அவர்களுடைய கட்சிக்காரரை. பெரிய மருத்துவமனை ஒன்றில் நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மானிட்டர் கண்ணை மூடிக்கொண்டால், டாக்டருக்கு அடுத்தபடியாக அவரைத்தான் கூப்பிடுவார்கள். எட்டு வருடமாகக் கூரைக்கு மேல் தவழ்ந்து கேபிள் இழுத்தவருக்கு நெட்வொர்க் பொறுப்பாளர் பதவி தருகிறோம் என்றார்கள், சான்றிதழ் இருந்தால். இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை பாஸ், அதுவும் கொழுத்த மார்க்கில்.

மூன்றே நாளில் தேர்வு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் போன பிறகு, உங்களுக்குக் கொடுக்கப்பட்ட பதினெட்டாம் நம்பர் லாக்கரில் கையால் எழுதிய காகிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் தேர்வின் செய்முறைக் கேள்வி வரைபடத்தோடு இருக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் தகுந்த ஆதாரத்தோடு பதில் தராவிட்டால் ஐந்து வருடத் தடை. மருத்துவமனை அதுவரை காத்திருக்காது, திங்கட்கிழமை வேறு ஆளை உட்கார வைத்துவிடும்.

ஒன்றரை மணிக்கு அக்கா வந்தார். நாற்பதைத் தாண்டியவர், முழங்கையில் கூரைத் தகரம் கிழித்த பழைய தழும்பு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஏதாவது கிடைச்சுதா மேடம்?”

“அந்தப் பேப்பரைக் கண்ணால பார்த்தீங்களா?”

“காட்ட மாட்டேங்கறாங்க. ரகசியமாம். சீல் வச்ச கவர்ல இருக்காம்.”

“சரி. உங்களுக்கு என்ன கேள்வி வந்துச்சு?”

“அதை நான் சொல்லக் கூடாது. உள்ள போகும்போதே கையெழுத்து வாங்கிட்டாங்க. கேள்வியை யார்கிட்ட சொன்னாலும் அதுக்குத் தனியா தடை உண்டு.”

வாயாடி தலையில் கை வைத்துக்கொண்டான். “அதாவது, காணாமப் போன பொருள் என்னன்னு அவங்க சொல்ல மாட்டாங்க. உங்க வீட்ல இருக்கிற பொருள் என்னன்னு நீங்க சொல்லக் கூடாது. ஆனா திருடினது நீங்கதான். ரொம்ப நல்ல ஏற்பாடுக்கா.”

“கிண்டல் பண்ணாத தம்பி. எனக்கு வயிறு எரியுது.” அக்கா அவன் பக்கம் திரும்பினார். “பஸ்ல படிச்சேன், லிஃப்ட்ல படிச்சேன். என் பொண்ணு அவ பாடத்தைப் படிச்சதைவிட என்கிட்ட கேள்வி கேட்டதுதான் அதிகம். அவகிட்ட போய் உங்கம்மா பிட்டு அடிச்சான்னு எந்த வாயால சொல்றது?”

வாயாடி கவிழ்ந்திருந்த பேனா ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தான். மேடம் பேனாவை உருட்டிக்கொண்டே, “முதல் ரெண்டு தடவை எதுல கோட்டை விட்டீங்க?” என்று கேட்டார்.

“செய்முறைக் கேள்வியில. ரெண்டு தடவையும் அதுக்குப் பூஜ்யம். ஏன்னு ரொம்ப நாள் புரியலை. பழைய ஸ்விட்ச் ஒண்ணை வாங்கி வீட்லயே வச்சுப் பழகின பிறகுதான் புரிஞ்சுது. செருப்பாலேயே அடிச்சுக்கலாம்போல இருந்துச்சு.”

“என்ன தப்பு?”

“அதைச் சொன்னா கேள்வியையே சொன்ன மாதிரி ஆயிடும் மேடம்.”

வாயாடி ஜன்னல் பக்கம் போய்க் கீழே காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் கேஸில் ஒவ்வொரு கதவிலும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டிலும் ஒரு கையெழுத்து. நெட்வொர்க் படித்தவர்களின் தலையெழுத்தே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தான்.

“லாக்கர் பதினெட்டு,” என்றார் மேடம். “அதை உங்களுக்கு எப்படிக் கொடுத்தாங்க? நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.”

“முதல்ல பன்னிரண்டாம் நம்பர் சாவியைத்தான் கொடுத்தாங்க. அது திரும்பலை. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு தேடித் தேடி, கடைசியில பதினெட்டைக் கொடுத்துச்சு. அடி வரிசையில, மூலையில இருக்கு. மண்டி போட்டுத்தான் பையை வச்சேன். நேரமாச்சேன்னு உள்ள குனிஞ்சுகூடப் பார்க்கலை.”

மேடம் பேனாவை நிறுத்தினார்.

“அப்போ அது உங்களுக்கு வச்ச பொறி இல்ல. பன்னிரண்டு பூட்டு மக்கர் பண்ணும்னு யாருக்கும் தெரியாது. யாரோ எதையோ ஒளிச்சு வச்ச இடத்துல நீங்க தெரியாம பையை வச்சுட்டீங்க.” நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “யாருக்கும் கொடுக்காத லாக்கர்னு தெரிஞ்சு ஒளிச்சு வைக்கணும்னா, தினம் அங்க இருக்கிற ஆளாத்தான் இருக்கணும். நாம இத்தனை நாளா மாணவர்களைத் தேடிட்டிருந்தோம்.”

“நாம இல்ல மேடம், நான்,” என்றான் வாயாடி. “ஒன்பது நாள். ஆயிரத்து இருநூறு பக்கம்.”

“புத்தகத்தை எடுத்துக்கோ. போலாம். அந்த மூலையில கிடக்கிற நீலக் கேபிளையும் எடு.”

*

தேர்வு மையம் ஒரு வங்கிக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் இருந்தது. விசாரணை முடியும்வரை அக்கா உள்ளே வரக் கூடாதாம், படிக்கட்டிலேயே நிற்க வேண்டியதாயிற்று. மூன்று மணி இருபது நிமிடம்.

உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். சுவரில் பத்து அறிவிப்புகள், பத்தும் கூடாது என்றே முடிந்தன. பரீட்சை எழுத வந்த ஓர் ஆள் பாக்கெட்டுகளை வெளியே இழுத்துக் காட்டினார், சட்டைக் கையை மடித்துக் காட்டினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளைக்கூட உரித்துவிட்டுத்தான் விட்டார்கள்.

“இன்னும் கொஞ்சம் போனா தலையைக் கழட்டி லாக்கர்ல வைக்கச் சொல்லுவாங்க,” என்று முணுமுணுத்தான் வாயாடி.

மேனேஜரை விட்டால் இங்கே வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ரிசப்ஷன் பெண். ஜலதோஷத்தோடு மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தாள். இன்னொருவர் சூப்பர்வைசர், ஹாலுக்குள் ரவுண்டு போயிருந்தார். மேனேஜர் நாலு மணிக்குத்தான் வருவாராம்.

மேடம் லேப்டாப்பைத் திறந்து கவுண்டரில் வைத்தார். “அம்மா, வாரியத்துக்கு ஒரு பதில் அனுப்பணும். இங்க ஃபோன்ல சிக்னலே இல்ல. இந்தக் கேபிளைக் கொஞ்சம் உங்க பெட்டியில மாட்டித் தர்றியா?”

“எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது மேடம்.” பெண் ஒரு தும்மல் போட்டாள். “எதுல வேணா மாட்டலாமா?”

“எதுல வேணா.”

கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஸ்விட்ச் இருந்தது. முதல் ஆறு துளைகளிலும் கேபிள். பெண் அடுத்ததாகக் காலியாக இருந்ததில் சொருகிவிட்டு, கைக்குட்டையைத் தேடினாள். பச்சை விளக்கு வந்தது. மேடம் எதையோ தட்டினார்.

“லாக்கர்ல பேப்பரைப் பார்த்தது நீதானேம்மா?”

“ஆமா மேடம். அவங்க போனதும் துடைக்கறதுக்குத் திறந்தேன். நாலா மடிச்சு, உள்ள மூலையில செருகியிருந்துச்சு. மேனேஜர் பக்கத்துலயே இருந்தார், அவர்கிட்டயே கொடுத்துட்டேன்.” பெண் தயங்கினாள். “அந்த அக்காவைப் பார்த்தா அப்படித் தெரியலை. ஆனா அவங்க வர்றதுக்கு முன்னாடி லாக்கர் காலியாத்தான் இருந்துச்சுன்னு சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்காரே.”

“நீ பார்த்தியா, காலியா இருந்ததை?”

“நான் பார்க்கலை. பதினெட்டை நாங்க கொடுக்கறதே இல்ல.”

“கேமரா?”

“ஹாலுக்குள்ள மட்டும்தான். லாக்கர் பக்கம் கிடையாது.”

வாயாடிக்கு மறுபடியும் சப்பென்று ஆகிவிட்டது. ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் பார்க்கவில்லை. இதை எடுத்துக்கொண்டு போனால் வாரியம் பத்திரமாகக் குப்பையில் போடும். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நாற்பது. மேடமோ ஆற அமரக் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், லெட்டரை அனுப்பலையா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு மாட்டினீங்க?”

“சும்மா இரு.”

ஹால் கதவு திறந்து சூப்பர்வைசர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, தூங்கி ரொம்ப நாள் ஆன கண்கள். சத்தம் வராத ரப்பர் செருப்பு. விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, ஒப்பித்த மாதிரி பேசினார்.

“நான் பார்த்ததை எழுதிக் கொடுத்துட்டேன் மேடம். அவ்வளவுதான். பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னுகூட எனக்குப் புரியலை. நான் கையெழுத்து வாங்கி, நேரம் பார்க்கிற ஆளு. ரவுட்டர், ஸ்விட்ச்சுனா என்னன்னே தெரியாது.”

“பரவாயில்ல. ஒரு சின்ன உதவி.” மேடம் சுருட்டிய கேபிளை மறுபடியும் நீட்டினார். “இதை அந்தப் பெட்டியில மாட்டிக் கொடுங்க. எங்களுக்கும் ஒண்ணும் தெரியாது.”

காலையிலிருந்து இந்தக் கேபிளோடு ஒரே ரோதனையாகிவிட்டது என்று வாயாடி பல்லைக் கடித்தான். சூப்பர்வைசர் கேபிளை வாங்கினார். நுனியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், சரியான பக்கமாகப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். அவருடைய கை ஆறாவது கேபிளைத் தாண்டியது. காலியாக இருந்த ஏழைத் தாண்டியது. எட்டில் போய்ச் சொருகியது.

வாயாடி தன் கையைப் பார்த்தான். காலையில் பிரிண்டரை அவன் எங்கே மாட்டினான்? எட்டில். ஏன் எட்டில்? அவனுக்கே தெரியாது. கை தானாகப் போனது. மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தது இதைத்தான். அவன் மேடத்தைப் பார்த்தான். மேடம், இப்போது பேசு என்பதுபோல் மோவாயை அசைத்தார்.

“சார்,” என்றான் வாயாடி. “ஏழு காலியா இருக்கே.”

“எட்டுலயும் வேலை செய்யும்.”

“செய்யும் செய்யும். ரவுட்டர்னா என்னன்னு தெரியாதவர் ரொம்பத் தெளிவாச் சொல்றீங்க. இருந்தாலும் ஒரு தடவை ஏழுல மாட்டுங்களேன். மேடத்துக்கு ஏழு ராசியான நம்பர்.”

சூப்பர்வைசர் கேபிளைப் பிடுங்கினார். ஏழுக்கு நேராகக் கொண்டுபோனார். ஒரு விரற்கடை தூரத்தில் கை நின்றது.

வாயாடி அவர் காதுக்குப் பின்னாலிருந்து, வகுப்பில் கத்துகிற அதே ராகத்தில், ஆனால் மெதுவாகச் சொன்னான். “ஏழு, ஏழு.”

சூப்பர்வைசர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கேபிள் தரையில் விழுந்தது.

ரிசப்ஷன் பெண் ஒன்றும் புரியாமல் மூவரையும் பார்த்தாள். மேடம் குனிந்து கேபிளை எடுத்தார்.

“இந்தப் பொண்ணு நேரா ஏழுலதான் மாட்டினா. தெரியாதவங்க அப்படித்தான் மாட்டுவாங்க. அடுத்து எது காலியோ அதுல. ஏழைத் தாண்டிப் போற கை டயர் கடை மாடியில பழகின கை. இதோ நிக்கறானே, ஒன்பது நாள்ல இவன் கையே கெட்டுப் போச்சு. நீங்க எத்தனை வருஷம் படிச்சீங்க?”

சூப்பர்வைசர் ஹால் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்க கோச்சிங் சார் இங்கேருந்து பத்து நிமிஷ தூரத்துலதான் இருக்கார். கூட்டிட்டு வரச் சொல்லவா? ஆறு வருஷமா யார் யார் ரேக்கைக் கெடுத்தாங்கன்னு அவருக்கு மனப்பாடமாம்.”

“வேண்டாம்.” அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். “நாலு வருஷம். நாலு தடவை எழுதியிருக்கேன். இங்க வேலை பார்க்கிறவன் எழுதறதா இருந்தா முன்கூட்டியே வாரியத்துக்கு எழுதிக் கொடுக்கணும். நான் கொடுக்கலை. வேற ஊருக்குப் போய் எழுதினேன். நாலும் ஃபெயில். தினம் என் கண்ணு முன்னாடி யாரோ ஒருத்தர் பாஸ் ஆகி, சிரிச்சுக்கிட்டே சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போறாங்க. நான் அவங்களுக்கு வாழ்த்துச் சொல்லி, ரிசல்ட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கறேன். எத்தனை நாள்தான் பார்த்துட்டிருக்கறது?”

“அதனால கேள்வியைப் பார்த்து எழுதினீங்க.”

“பத்து நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டு போகணும். ஒரு ரவுண்டுக்கு ஒரு வரி. வெளிய வந்து எழுதி வைப்பேன். ஒரு படத்தை முழுசா வரைய மூணு வாரம் ஆச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா போகும்போது பையைச் சோதிப்பாங்க, அதான் பதினெட்டுல வச்சேன். ஒரு நாள் ரவுண்டு முடிச்சு வெளிய வந்தா, அதுக்குள்ள அவங்க பை, சாவி அவங்ககிட்ட.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கிடைச்சதும் மேனேஜர் என்னைத்தான் முதல்ல கேட்டார். காலியா இருந்துச்சான்னு. ஆமான்னு வாயில வந்துடுச்சு. வந்ததைத் திருப்பி உள்ள போட முடியலை.”

வாயாடிக்கு அந்த ஆள்மேல் கோபம் வந்தது. கூடவே, புத்தகத்தைச் சுமந்த தோளில் ஒரு வலியும் வந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“எழுதிக் கொடுங்க,” என்றார் மேடம்.

“எழுதினா வேலை போயிடும் மேடம். திங்கட்கிழமை எனக்கு அஞ்சாவது தடவை. அதுவும் போயிடும். அஞ்சு வருஷம்...”

“வாயாடி, அக்காவைக் கூப்பிடு.”

அக்கா வாசலோடு நின்றுகொண்டார். கூடாது என்று போட்டிருந்த கோட்டைத் தாண்டவில்லை. மேடம் நாலே வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னார். அக்கா சூப்பர்வைசரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அன்னிக்கு நான் பாஸ் ஆனப்போ, ரொம்ப சந்தோஷம் மேடம்னு சொன்னது நீங்கதானே?”

அவர் தலையாட்டினார்.

“வீட்டுக்குப் போற வழி முழுக்க அதைத்தான் நினைச்சுட்டுப் போனேன். யாரோ முன்னப்பின்னத் தெரியாதவர் நமக்காகச் சந்தோஷப்படறாரேன்னு.” அக்கா சுவரில் இருந்த அறிவிப்புகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “ரெண்டு வாரமா என் பொண்ணு முகத்தை நான் நேரா பார்க்கலை. ஆஸ்பத்திரில என் முதுகுக்குப் பின்னாடி பேசறாங்க. ஃபெயில் ஆகறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டு தடவை பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதிருக்கேன். ஆனா அதுக்காக இன்னொருத்தர் தலையில கல்லைப் போடலை நான்.”

சூப்பர்வைசர் கவுண்டரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நின்றபடியே எழுத ஆரம்பித்தார். நாலு மணிக்கு வந்த மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, அடியில் சீல் குத்தினார். மேடம் அதைப் படமெடுத்து, ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த கடிதத்தோடு வாரியத்துக்கு அனுப்பினார். ஃபோனிலேயே அனுப்பினார்.

“சிக்னல் இல்லைன்னீங்களே?” என்றான் வாயாடி.

“எப்பவும் இருந்துச்சே.”

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பதில் வந்தது. வாக்குமூலம் கிடைத்தது, தேர்வர்மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது, நிறுத்தி வைத்த சான்றிதழ் நாளை வெளியிடப்படும். மேடம் அதைச் சத்தமாகப் படித்தார். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். முதலில் மகளுக்குத்தான் ஃபோன் செய்தார். மகள் எடுத்ததும் “ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல,” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மேனேஜர் சீல் வைத்த கவரைக் கொண்டுவந்து, “பேப்பரைப் பார்க்கறீங்களா மேடம்? இனிமே உங்களுக்குக் காட்டலாம்னு நினைக்கிறேன்,” என்றார்.

“வேண்டாம் சார். அது பரீட்சைக் கேள்வி. நான் பார்க்கக் கூடாது.”

கிளம்பும்போது சூப்பர்வைசர் இரண்டடி முன்னால் வந்தார். மேடம் என்று கூப்பிட வாயெடுத்து, மாற்றிக்கொண்டார்.

“அக்கா, கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. ஆனாலும் ஒண்ணே ஒண்ணு. நாலு தடவையும் செய்முறைக் கேள்வியில எனக்குப் பூஜ்யம். ஒவ்வொரு வரியும் சரியாத்தான் போடறேன். அந்தப் படத்தை மூணு வாரம் வச்சுப் பார்த்தேன், அப்பவும் தெரியலை. நான் எங்கதான் தப்பு பண்றேன்?”

“அதைச் சொல்லக் கூடாது,” என்றார் அக்கா.

சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்றார். பெருமூச்சு விட்டார், சலிப்பா கோபமா என்று சொல்ல முடியாத பெருமூச்சு. பிறகு அந்தக் கோட்டைத் தாண்டிக் கவுண்டருக்குப் பின்னால் வந்து, மேடத்தின் கையிலிருந்த நீலக் கேபிளை வாங்கினார். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்க, அதை ஏழாவது போர்ட்டில் சொருகினார்.

பச்சை விளக்கு எரிந்தது.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சூப்பர்வைசர் அந்த விளக்கையே பார்த்தார். புத்தகத்தில் ஏழு என்று வந்தால் எட்டு என்று படி. நாலு வருடம் அவர் அப்படித்தான் படித்தார். நாலு பரீட்சையிலும் கேள்வியை அப்படித்தான் படித்திருக்கிறார். திருடி வரைந்த படத்தில்கூட.

“மேடம், உங்க கேபிள்,” என்றான் வாயாடி.

“இருக்கட்டும், வா.”

படியில் இறங்கும்போது வாயாடி ஒரு முறை திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் கேபிளைப் பிடுங்கி, மறுபடியும் ஏழில் சொருகிக்கொண்டிருந்தார்.